குன்னூர் பழைய ஓட்டு வீடு, சிம்னி ஓரமா தண்ணி இறங்குது, என்ன பண்ணலாம்?

மலைக்காத்து:
எல்லாருக்கும் வணக்கம். குன்னூர்ல எங்க தாத்தா வாங்குன பழைய வீடு, மங்களூர் ஓடு, ஹால்ல செங்கல் சிம்னியோட ஃபயர் பிளேஸ் இருக்கு. அம்மா மட்டும் அங்க இருக்காங்க, நான் கோயம்புத்தூர். ரெண்டு வருஷமா சிம்னி செவுத்துல டீ கறை மாதிரி பழுப்பா ஒண்ணு பரவிட்டே வந்துச்சு, போன கார்த்திகை மழைல பலகை சீலிங்ல இருந்து சொட்டவே ஆரம்பிச்சிருச்சு, அம்மா ராத்திரி எந்திரிச்சு பாத்திரம் வச்சிருக்காங்க. ஒருத்தரை வச்சு சிம்னியை சுத்தி சிமெண்ட் பூசி மேல வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சோம், 38,000 ஆச்சு, ஆறு மாசம் தான் தாங்குச்சு. இப்ப இன்னொருத்தர் வந்து பாத்துட்டு ஓட்டை மொத்தமா பிரிச்சிட்டு ஷீட் போடணும், நாலு லட்சத்துக்கு மேல ஆகும்ங்கறார். அவ்ளோ பெரிய வேலை நெஜமாவே தேவையா? சிம்னில தீ மூட்டி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னொண்ணு, மழையே இல்லாத நாள்லயும் மிஸ்ட் இறங்குனா அந்த கறை தொட்டா ஈரமா இருக்கு, அது ஏன்னு எனக்கு புரியவே இல்ல. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஏதாவது பண்ணியாகணும்.

ஓட்டுவேலை_கோத்தகிரி:
தம்பி, கூரையை பிரிக்காதீங்க. மத்த எடத்துல ஒழுகல, சிம்னி ஓரத்துல மட்டும்தான்னா ஓடு மேல தப்பு இல்ல, சிம்னியும் கூரையும் சேர்ற மூலைலதான் தப்பு. அங்க சிமெண்ட் பூசுனா ஏன் நிக்காதுன்னா, ஓட்டை தாங்கற கைமரமும் ரீப்பர் சட்டமும் வெயிலுக்கு காஞ்சு சுருங்கும் மழைக்கு ஊதும், செங்கல் சிம்னி அசையாம நிக்கும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பூச்சு முடி அளவுக்காவது வெடிச்சே தீரும், நம்ம ஊர் சாரல் காத்தோட அடிக்கறப்போ தண்ணிக்கு அந்த வெடிப்பு போதும். அப்பா காலத்துல இருந்து நாங்க இந்த வேலை பாக்கறோம், சிமெண்ட் பூசி நின்ன சிம்னி ஒண்ணு கூட நான் பாத்ததில்ல.

அந்த மூலைல சிமெண்ட்டுக்கு பதிலா தகடு ரெண்டு அடுக்கா போடணும். அடித்தகடு ஓட்டோட போகும், சிம்னி மேல ஒரு ஆறு இஞ்ச் ஏறி நிக்கும். மேல் தகடு செங்கல் ஜாயிண்ட்ல ஒரு இஞ்ச் காடி (நீளமான பள்ளம்) வெட்டி உள்ள சொருகி, அடித்தகடு மேல முந்தானை மாதிரி தொங்கணும். ரெண்டையும் சேர்த்து ஆணி அடிக்கவே கூடாது, அப்பதான் கூரை அசைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. பக்கவாட்டுல கூரை சரிவுக்கு ஏத்தாப்ல படிப்படியா சொருகணும். ஈயத்தகடு நல்லா வளையும், ரொம்ப வருஷம் வரும், கட்டுப்படியாகலைன்னா கனமான ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசுன இரும்புத்தகடு, போடுங்க. அலுமினியம் மட்டும் வேண்டாம், ஈர சுண்ணாம்பு சிமெண்ட் பட்டா அரிச்சிடும்.

சிம்னியோட முதுகுப்பக்கம், அதாவது கூரையோட மேட்டுப்பக்கம், அதை மறக்காம பாருங்க. மேல இருந்து வர்ற தண்ணி மொத்தமும் அங்கதான் வந்து முட்டும், சில்வர் ஓக் இலை, யூகலிப்டஸ் இலை எல்லாம் அடைஞ்சு அணை கட்டுன மாதிரி ஆயிடும். சிம்னி அகலமா இருந்தா அங்க சின்னதா ஒரு முகடு கட்டி தண்ணியை ரெண்டு பக்கமும் பிரிச்சு விடணும். ரெண்டு கூரை சரிவு சேர்ற கூடல்வாய் இருந்தா அந்த தகரமும் துரு புடிச்சிருக்கான்னு ஏறுனப்பவே பாத்துருங்க.

சுண்ணாம்பு_எஞ்சினியர்:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. மிஸ்ட் விஷயத்துக்கு நான் சொல்றேன், ஏன்னா இதை தெரியாமத்தான் நெறைய பேர் ஒழுகாத எடத்துல போய் பணம் கொட்டறாங்க. பல வருஷம் விறகு எரிச்ச சிம்னில புகையில இருந்து உப்பு செங்கலுக்குள்ள ஊறி இருக்கும். மழைத்தண்ணி புகைபோக்கி வழியா உள்ள விழுந்து கரியையும் உப்பையும் கரைச்சு பூச்சுக்கு கொண்டு வந்துரும், அதுதான் உங்க டீ கறை. அந்த உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், அதனாலதான் மழை இல்லாட்டியும் மிஸ்ட்டுக்கு நனையுது. ஒழுகலை நிறுத்துன பிறகும் இது போகாது, கறை புடிச்ச பூச்சை செங்கல் வரைக்கும் கொத்தி எடுத்துட்டு, செவுரு நல்லா காஞ்ச பிறகு சுண்ணாம்புலயே திரும்ப பூசணும். மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சா திரும்ப வந்துரும்.

உங்க வீடு பழசுன்னா செங்கல் சுண்ணாம்புக் கலவைல கட்டுனதா இருக்கும். அதுமேல சிமெண்ட்டும் பிளாஸ்டிக் பெயிண்ட்டும் போட்டா உள்ள போன ஈரம் வெளிய வர வழி இல்லாம செங்கல் மூஞ்சியே பொரிஞ்சு உதிரும். தயவுசெஞ்சு முதல்ல அதை சுரண்டி எடுக்க சொல்லுங்க, செங்கல் ஒடையாம உளி வச்சு மெதுவா.

சிம்னி உச்சியில மூடி இருக்கான்னு நீங்க சொல்லல. இல்லன்னா மேல ஒரு கல்லோ கான்கிரீட் பலகையோ நாலு மூலைல கால் வச்சு தூக்கி வைங்க, சுத்தி ரெண்டு இஞ்ச் வெளிய நீட்டி அடிப்பக்கம் ஒரு காடி விடணும், அப்பதான் தண்ணி செவுத்துல வழியாம சொட்டி கீழ விழும். பக்கத்துல வலை அடிங்க, குரங்கு குருவி உள்ள வராது. முழுசா மட்டும் அடைக்காதீங்க, காத்து ஓடலைன்னா உள்ளயே வேர்த்து ஓதம் அடிக்கும். அடைச்சு வச்ச சிம்னில என்னைக்காவது அம்மா குளுருக்கு தீ மூட்டிட்டா புகை வீட்டுக்குள்ள திரும்பும், உயிருக்கே ஆபத்து, அவங்க தனியா வேற இருக்காங்க.

வெலிங்டன்_குளிர்:
எங்க வீட்ல சிலிக்கான் அடிச்சோம், ரெண்டு வருஷம் ஒண்ணும் ஆகல, செலவு ஆயிரத்து சொச்சம்தான். அவசரத்துக்கு அதை பண்ணலாமே?

ஓட்டுவேலை_கோத்தகிரி:
ஒரு மழைக்காலத்தை தள்ள அடிக்கலாம்ங்க, தப்பு இல்ல. ஆனா வெயில்ல காஞ்சு செங்கல்ல இருந்து விட்டு வந்துரும், விட்டது மேல இருந்து பாத்தா தெரியாது, உள்ள கைமரம் ஊறிட்டே இருக்கும்.

மலைக்காத்து:
ரொம்ப நன்றி அண்ணா, மேடம். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தண்ணி எங்க இறங்குதுன்னு உறுதியா எப்படி கண்டுபிடிக்கறது?

ஓட்டுவேலை_கோத்தகிரி:
மழை இல்லாத நாளா பாத்து ஒருத்தர் சீலிங் மேல டார்ச்சோட உக்காரணும், ஒருத்தர் ஏணில நின்னு ஹோஸ்ல தண்ணி விடணும். மெதுவா விடுங்க, பீச்சி அடிக்காதீங்க. கீழ இருந்து ஆரம்பிச்சு மேல போகணும், முதல்ல சிம்னிக்கு கீழ இருக்கற ஓடு, அப்புறம் பக்கம், அப்புறம் முதுகு, கடைசியா உச்சி, ஒவ்வொரு எடத்துலயும் கால் மணி நேரம். எடுத்த எடுப்புல மேல விட்டா எல்லா எடமும் நனைஞ்சு ஒண்ணும் தெரியாம போயிரும். ஓட்டு மேல நேரா ஏறாதீங்க, பாசி புடிச்சு வழுக்கும், பலகை போட்டு ஏணிய கட்டி ஏறுங்க.

மலைக்காத்து:
ஞாயித்துக்கிழமை போய் பாத்தாச்சு. கீழயும் பக்கமும் ஒண்ணும் இல்ல, முதுகுப்பக்கம் விட்டு பத்து நிமிஷம் கூட ஆகல, மச்சான் உள்ள இருந்து கத்திட்டார். அங்க ஒரு கூடை இலை மக்கிப்போய் கெடந்துச்சு, அதுக்கு கீழ போன தடவை பூசுன சிமெண்ட் வெரல் நுழையற அளவுக்கு வாய் பொளந்து இருக்கு. உச்சில மூடியும் இல்ல. தகடு வேலைக்கு அடுத்த வாரம் ஆள் வர்றாங்க, ஓடு பிரிக்கல. ஒரு கைமரம் மட்டும் சிம்னிகிட்ட கருத்து இருக்கு, அதை மாத்தணுமா?

ஓட்டுவேலை_கோத்தகிரி:
ஸ்க்ரூ டிரைவரால குத்தி பாருங்க தம்பி. கால் இஞ்ச்ல நின்னா வெறும் கறைதான், காய விட்டா போதும். வெண்ணெய் மாதிரி எறங்குச்சுன்னா நல்ல மரம் வர்ற எடம் வரைக்கும் வெட்டிட்டு பக்கத்துல புது மரம் சேர்த்து போல்ட் போடணும், தகடு வைக்கறதுக்கு முன்னாடியே பண்ணிருங்க.