எஃகைக் காக்கும் துருவுக்கு ஒரு சொல் வேண்டும்

மாட்டுங்காவிலிருந்து:

அன்புடைய மும்பை நண்பர்களே, பாலிடெக்னிக் மாணவர்களுக்கான அரிமானப் (உலோக அரிப்பு) பாடநூலின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். எஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல். செம்பு, குரோமியம், நிக்கல், பாஸ்பரஸ் போன்றவை சிறிதளவு கலந்த எஃகு, மாறி மாறி நனைந்து உலரும்போது முதலில் எல்லா இரும்பையும் போலத்தான் துருப்பிடிக்கிறது. ஆனால் லெபிடோகுரோசைட் என்னும் துருவகை மிகுந்த அந்த இளந்துரு, ஆண்டுகள் செல்லச் செல்ல கோதைட் என்னும் வேறொரு நுண்ணிய துருவகையாக மாறி, நீரும் ஆக்சிஜனும் எளிதில் புகாதபடி எஃகோடு இறுகிவிடுகிறது. அமெரிக்காவில் 1933இல் கார்ட்டென் என்ற பெயரில் வெளிவந்தது இவ்வகை எஃகுதான். இந்தப் படலத்தைத் 'துருக்காப்பு' எனலாமா?

செம்பூரிலிருந்து:

கூடாது ஐயா. துருக்காப்பு என்றால் துருவினின்று காப்பு என்று ஐந்தாம் வேற்றுமையாகத்தான் எவரும் விரிப்பர். அது பெயின்ட் கடையில் விற்கும் பூச்சுக்குப் பொருந்தும். தாங்கள் கருதுவதோ துருவால் காப்பு. மாணவன் தேர்வில் நேரெதிராக எழுதிவைப்பான். முன்பொருவர் சொன்ன 'களிம்பு' அதைவிட மோசம்: சைவ சித்தாந்தத்தில் செம்பின் களிம்பு ஆணவ மலத்துக்கு உவமையாயிற்றே, மலத்தையா காவலுக்கு வைப்பது? பதிற்றுப்பத்து சேரனைச் 'சான்றோர் மெய்ம்மறை' என்கிறது. வீரர்களின் உடலைக் காக்கும் கவசம் போன்றவன் என்பது பொருள். அவ்வழியில் 'துருமறை' என்போம்.

முலுண்டிலிருந்து:

அம்மா, துருமறையைத் துருவை மறைப்பது என்பார்கள். துருவின் வேதம் என்று கொள்பவரும் இருப்பார். நான் முப்பதாண்டு கப்பல் பழுதுபார்ப்பில் இருந்தவன். அங்கே இந்தியில் ஜங், மராத்தியில் கஞ்ச், தமிழாட்களிடம் துரு, அவ்வளவுதான். கொலாபாவில் கடலைப் பார்த்த என் மகள் வீட்டு ஜன்னல் கம்பியை நகத்தால் நெம்பினால், துரு அப்பளம் போல ஏடு ஏடாக உரிகிறது. அடியில் உள்ளது விரலில் ஈரமாக ஒட்டுகிறது. காற்றோடு வரும் உப்பு ஈரத்தை இழுத்துவைத்துக் கம்பியை உலரவிடுவதில்லை. அதன் குளோரைடு அகாகனைட் என்னும் வேறொரு துருவையும் உண்டாக்குகிறது, படலம் இறுகுவதே இல்லை. உப்பு மிகுந்த கரையோரத்தில் கார்ட்டெனும் இப்படித்தான் கைவிடும் என்பதால் ஜப்பானியர் சுமார் 3 விழுக்காடு நிக்கல் சேர்த்துத் தனி எஃகு செய்தனர். ஆக, காப்பதும் துரு, கெடுப்பதும் துரு. பெயர் இரண்டும் துருவில்தான் முடிய வேண்டும். முன்னதைக் 'காப்புத் துரு' என்றும், பின்னதை ஊறுகாய் போல வினைத்தொகையாக 'உதிர்துரு' என்றும் வைப்போம். முன்னதையும் வினைத்தொகையாக்கப் பார்த்தேன்; 'காதுரு' என்று வந்து காதின் உருவம் போலாகிவிட்டது.

மாட்டுங்காவிலிருந்து:

உதிர்துருவை எல்லோரும் ஏற்றுவிட்டனர். காப்புத் துருவுக்கு ஐவர் இசைந்தனர், இருவர் மறுமொழியே தரவில்லை. நாளை மறுநாள் வெள்ளி, அதையே அனுப்புகிறேன்.

செம்பூரிலிருந்து:

அனுப்புங்கள். காப்பு என்றால் கைவளையும்தான். வளையலில் பிடித்த துரு என்று எந்த மாணவனாவது விடை எழுதினால், அந்தத் தாளைத் திருத்த என்னிடம் அனுப்ப வேண்டாம்.