பொருள்: 'முழுமிதவை அச்சு' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

கரட்டு வழிகளில் ஓட்டும் ஜீப்புக்குக் குறைந்த செலவில் பின் ஆக்சிலை (பின்சக்கரங்களைத் தாங்கிச் சுழற்றும் தொகுதி) மாற்றுவது பற்றி எழுதிவருகிறேன். அதற்காக 'ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். மூன்று பேர் 'முழுமிதவை அச்சு' என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றி, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. அங்கே எதுவும் மிதக்கவில்லை. படகில் ஏதோ ஒரு பாகம் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

நடப்பது என்ன என்று பார்ப்போம். பின்சக்கரங்களால் ஓடும் பழைய பாணிக் கார்கள் பலவற்றிலும் சிறு ஜீப்புகள் பலவற்றிலும் பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டே வண்டியின் எடையையும் தாங்குகிறது. சக்கரம் தண்டின் முனையில் நேரடியாகப் பூட்டப்பட்டிருக்கிறது. லாரியில் அப்படியில்லை. தண்டைச் சுற்றியுள்ள வெளிக்கூட்டின் முனை நீண்டு, அதன்மேல் இரண்டு பேரிங்குகள் ஏறி, அவற்றின்மேல் சக்கரம் உட்காருகிறது. எடை முழுவதும் கூட்டின்மீது. உள்ளே போகும் தண்டுக்குச் சுழற்றுவது மட்டுமே வேலை. லாரியின் பின்சக்கர நடுவில் போல்ட் வரிசையோடு புடைத்துக்கொண்டிருப்பது அந்தத் தண்டின் தலைதான். சக்கரத்தைக் கழற்றாமல், ஜாக்கி கூடப் போடாமல் அதை உருவிவிடலாம். காட்டுக்குள் தண்டு ஒடிந்தாலும் சக்கரம் கழன்று போகாது.

ஆகவே வேறுபாடு மிதப்பதில் இல்லை, சுமப்பதில் இருக்கிறது. என் பரிந்துரை: எடையைத் தாங்கும் வெளிக்கூடு முழுவதும் 'இருசு', உள்ளே சுழல்வது 'தண்டு'. எடையையும் தாங்கினால் (ஆங்கிலத்தில் 'செமி ஃப்ளோட்டிங்') 'சுமக்கும் தண்டு'. தாங்காவிட்டால் ('ஃபுல் ஃப்ளோட்டிங்') 'சுமக்காத் தண்டு'.

'இருசு' எங்கள் வீட்டு மாட்டுவண்டியிலிருந்து வந்த சொல். இருசு சுழலாது, வண்டிமை தடவிய அதன் முனையில் சக்கரம்தான் சுழலும், கழன்றுவிடாமல் கடையாணி தடுக்கும். லாரியின் பின்புறமும் அதே ஏற்பாடு, நடுவில் ஒரு தண்டு கூடுதலாக ஓடுகிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் கூடு, தண்டு, இரண்டும் சேர்ந்த தொகுதி மூன்றுக்கும் 'ஆக்சில்' என்றே சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குழப்பத்தை நாம் ஏன் தமிழுக்குள் இழுத்துவர வேண்டும்?

---

மறுமொழி:

> எங்கள் வீட்டு மாட்டுவண்டியிலிருந்து வந்த சொல்

ஐயா, மாட்டுவண்டியையே பார்க்காத பிள்ளைகளுக்குப் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன். 'இருசு' என்றால் எந்த ஊர்ப் பேர் என்று கேட்பார்கள். 'அச்சு' அவர்களுக்குத் தெரிந்த சொல், பழைய சொல்லும்கூட. புறநானூற்று 102ஆம் பாட்டில் உப்பு வணிகர் வண்டியின் அடியில் 'சேம அச்சு' கட்டிக்கொண்டு போகிறார்கள். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ என்று மாற்று அச்சோடு கிளம்பியவர்கள் அவர்கள். உங்கள் கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான மேற்கோள் ஏது? இன்னொன்று: உங்கள் கட்டுரை வரைவில் அமெரிக்க ஜீப்புக்கு வேறு ஆக்சில் பொருத்தும் எடுத்துக்காட்டு வருகிறதே, அதில் எது சுமக்கும் தண்டு, எது சுமக்காத் தண்டு என்று தெளிவாக இல்லை.

---

மறுமொழி:

சேம அச்சு என்னை மடக்கிவிட்டது. கட்டுரையின் முதல் பத்தியிலேயே அது வந்துவிடும். ஆனால் அந்த அச்சும் சுழலாத அச்சுதான். 'அச்சாணி' என்ற சொல்லே சாட்சி: அச்சின்மேல் ஓடும் சக்கரம் கழன்றுவிடாமல் முனையில் நிற்பது அது. இன்று சுழலும் தண்டையும் 'அச்சு' என்கிறோம், கணக்கில் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு, போதாததற்கு அச்சகம். பொறியியல் நூலில் ஒரே பக்கத்தில் மூன்று பொருளில் வரும். பிள்ளைகள் 'இருசு' என்ன என்று கேட்டால் கேட்கட்டும். ஒருமுறை சொன்னால் போதும், பிறகு வேறெதனோடும் குழம்பாது.

எடுத்துக்காட்டு பற்றி நீங்கள் சொன்னது சரி, அது என் பிழை. ஜீப் ராங்ளரின் 1997–2006 மாடல்கள் பலவற்றில் பின்னால் டானா 35 என்ற ஆக்சில் இருந்தது. பெரிய டயர் போட்டுப் பாறை ஏறுபவர்களிடம் அதற்கு நல்ல பெயர் இல்லை. புதிய ஆக்சில் வாங்க வசதியில்லாதவர்கள் பழைய வண்டிக் கிடங்குக்குப் போய் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்சிலைக் கழற்றி வருகிறார்கள். சக்கர போல்ட் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே. 1995 முதல் 2001 வரையிலான எக்ஸ்ப்ளோரரானால் டிஸ்க் பிரேக்கும் கூடவே வந்துவிடும். தண்டு முனையின் ஸ்ப்ளைன் (பல்லோடு பொருந்தும் வரிப்பற்கள்) 27இலிருந்து 31 ஆகிறது. தண்டும் தடிமனாகிறது. முறுக்கு வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுவதால், விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே வலிமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆக்சிலை வண்டியோடு இணைக்கும் பழைய தாங்கிகளை அறுத்தெறிந்து ஜீப்புக்கு ஏற்றவற்றை வெல்டிங் செய்ய வேண்டும். நடுவார்ப்பில் (பற்சக்கரங்கள் இருக்கும் நடுக்கூடு) செருகப்பட்ட குழாய்கள் திருகிக்கொள்ளாமல் இருக்க அங்கேயும் ஒரு சுற்று வெல்டிங் வைக்கிறார்கள். வார்ப்பிரும்பு என்பதால் அதைக் கை பழகியவரிடம் விடுவது நல்லது. முன், பின் ஆக்சில்களின் பல்விகிதம் (கியர் ரேஷியோ) ஒத்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு அது சுமக்கும் தண்டுதான்! உள்முனையில் 'சி' வடிவத்தில் ஒரு சிறு கிளிப்பே அதைப் பிடித்திருக்கிறது. தண்டு ஒடிந்தால் சக்கரத்தோடு சேர்ந்து வெளியே வர வழியிருக்கிறது. 'முழுமிதவை', 'அரைமிதவை' என்று எழுதியிருந்தால் இந்த ஆபத்தைச் சொல்லத் தனியாக ஒரு பத்தி தேவைப்பட்டிருக்கும்.

பணிமனைகளில் 'ஃபுல் ஃப்ளோட்டிங்' என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. கட்டுரையில் அந்த எடுத்துக்காட்டு பற்றிய வாக்கியத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்: "இருசு மாறினாலும் தண்டு இன்னும் சுமக்கிறது, சுமக்காத் தண்டு வேண்டுமானால் பட்ஜெட் இரண்டு மடங்கைத் தாண்டலாம்." மாற்றுக்கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.