ரக்பியில ஃபார்வர்ட் ஆடின பழைய ஆள் ஒருத்தர்ட கதை வேணும்

வெள்ளவத்தைப் பொடியன்:
என்ட தம்பி ஸ்கூல் ரக்பி டீம்ல ப்ராப் ஆடுறான், அதாவது முன்வரிசையில நிண்டு மோதுற ஃபார்வர்ட், போன கிழமை ரேஸ் கோர்ஸ்ல மேட்ச், ஸ்க்ரம்ல, ரெண்டு டீம் ஃபார்வர்ட்மாரும் தோளோட தோள் முட்டித் தள்ளுற இடத்தில, கழுத்து காதெல்லாம் உரஞ்சி சிவந்து போய் வந்தவன், ஆனா பெவிலியன்ல கத்தினது முழுக்க பந்தை எதிர்ப்பக்கக் கோட்டுக்கு அங்கால வச்சு ட்ரை போட்ட விங்கர்ட, ஓரத்தில ஓடுறவன்ட, பேரைத்தான். பொடியன் சரியா மனமுடைஞ்சி போனான். அந்தக்கால ஃபார்வர்ட் ஆராவது பேர் எடுத்தவங்க இருக்காங்களா, அவனுக்குச் சொல்ல?

கொட்டாஞ்சேனை அண்ணா:
டக்ளஸ் க்ளார்க் பத்திச் சொல்லுங்க தம்பி. இங்கிலாந்துல கம்பர்லண்ட் பக்கம் மேரிபோர்ட்ல 1891ல பிறந்தவர், இளவயசிலேயே தகப்பனோட நிலக்கரி மூட்டை தூக்கி வளந்த உடம்பு. 1909ல ஹடர்ஸ்ஃபீல்ட் டீமுக்கு வந்தார். அவர் ஆடினது ரக்பி லீக், நம்ம ஸ்கூல்கள்ல ஆடுற யூனியன் இல்ல, ஒரு டீம்ல 15க்குப் பதிலா 13 பேர்தான், ஸ்க்ரம்ல 8 பேருக்குப் பதிலா 6 பேர், அதால ஒவ்வொரு ஃபார்வர்டுக்கும் வேலை கூட. 1914-15 சீசன்ல அந்த டீம் இருந்த நாலு கப்பும் எடுத்தது, அதில சேலஞ்ச் கப் ஃபைனல்ல செயின்ட் ஹெலன்ஸை 37-3 எண்டு வெண்டது. விங்கர்மார் ட்ரை மேல ட்ரை போட்டாங்க, ஆனா அவங்களுக்குப் பந்தை எடுத்துக் குடுத்தது முன்னால நிண்டு மோதின இவர் மாதிரி ஆக்கள்தான். இதை உங்கட தம்பிக்குக் கட்டாயம் சொல்லுங்க.

பழைய ஹூக்கர்:
அண்ணா முக்கியமானதை விட்டுட்டீங்க. 1914 ஜூலை 4, சிட்னியில ஆஸ்திரேலியாவோட பிரிட்டன் டீமுக்கு மூணாவது டெஸ்ட், க்ளார்க்கும் அந்த டீம்ல. எட்டு நாளுக்குள்ள மூணு டெஸ்ட், யோசிச்சுப் பாருங்க. க்ளார்க்குக்கு பெருவிரல் உடைஞ்சது, கட்டிக்கொண்டு ஆடினார், பிறகு காரை எலும்பும் போச்சு, அதுக்குப் பிறகுதான் வெளிய போனார். அந்த நாளையில மாத்து ஆள் இறக்க ஏலாது, இன்னும் ரெண்டு பேர் காயப்பட்டு ஒரு கட்டத்தில 10 பேர்தான் களத்தில. அப்படியும் 14-6 எண்டு பிரிட்டன் வெண்டது. கொஞ்சப் பேர் பெரிய படையைத் தடுத்து நிண்ட ஒரு பழைய பிரிட்டிஷ் போர்ட பேரால, ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் டெஸ்ட் எண்டு இப்பவும் அந்த மேட்சைத்தான் சொல்லுவாங்க.

வெள்ளவத்தைப் பொடியன்:
அண்ணாமார் ரெண்டு பேருக்கும் நன்றி, இதையெல்லாம் இப்பவே தம்பிக்கு வாசிச்சுக் காட்டினன், அவன் கேக்குறான் அந்தக் காயத்துக்குப் பிறகு அவர் ஆடினாரா எண்டு.

கொட்டாஞ்சேனை அண்ணா:
ஆடினார், அதுவும் காயத்தை விடப் பெரிசா ஒண்டைத் தாண்டி. முதலாம் உலகப் போர்ல ஆர்மி வண்டி ஓட்டினார், 1917ல பெல்ஜியத்தில பாஸண்டேல் சண்டையில விஷவாயு பட்டது, மிலிட்டரி மெடல் குடுத்து, 95 வீதம் ஊனம் எண்டு எழுதி வீட்டுக்கு அனுப்பினாங்க. அந்த மனுசன் 1920ல திரும்பவும் பிரிட்டன் டீமோட ஆஸ்திரேலியா போனார்! ஹடர்ஸ்ஃபீல்டுக்கு மட்டும் 485 மேட்ச்.

பழைய ஹூக்கர்:
மல்யுத்தமும் இருக்கு. ஊர்ப் பாணி கம்பர்லண்ட் மல்யுத்தத்தில பட்டம் எடுத்தவர், ரக்பியை விட்ட பிறகு 1930கள்ல மல்யுத்தத்தைத் தொழிலா செய்தார். தம்பிட்ட கேளுங்க, ஸ்க்ரம்ல இடப்பக்க ப்ராப்பா வலப்பக்க ப்ராப்பா, அதாவது லூஸ் ஹெட்டா டைட் ஹெட்டா? ஸ்க்ரம்ல கழுத்தைக் காப்பாத்துறது எப்படி எண்டு சொல்லித்தாறன்.