சிறைக்குள் யார் எட்டிப் பார்ப்பது?

மாமா: சிறைக்குள் வெளியாட்கள் போய்ச் சோதனை செய்ய வேண்டும் என்கிறாயே, தப்பு செய்துவிட்டு உள்ளே போனவனுக்கு இத்தனை கரிசனம் எதற்கு? அனுபவிக்கட்டும்.

அக்கா: மாமா, அடைத்து வைப்பதுதான் தண்டனை. அடியும், மருந்து தராமல் விடுவதும் எந்தத் தீர்ப்பிலும் இல்லை. விசாரணைக் கைதிகளும் அங்கேதான் இருக்கிறார்கள், குற்றம் நிரூபணமே ஆகவில்லை.

சித்தப்பா: சிறைத்துறையே மேலதிகாரியை அனுப்பிச் சோதனை செய்கிறதே, போதாதா?

அக்கா: அவரும் அதே துறைதானே சித்தப்பா. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 83ஆவது, துறையின் சோதனையும் வேண்டும், துறைக்குச் சம்பந்தமில்லாதவர்கள் செய்யும் சோதனையும் வேண்டும் என்கிறது.

நான்: வருகிறார்கள் என்று தெரிந்தால் முதல் நாளே வெள்ளையடித்து விடுவார்களே 😄

அக்கா: அதனால்தான் சொல்லாமல் வரலாம் என்று 84ஆவது விதி. எந்தச் சிறைக்குப் போவது, எந்தக் கைதியைப் பார்ப்பது எல்லாம் அவர்கள் இஷ்டம். காவலர் காதில் விழாமல் தனியாகப் பேசலாம்.

அத்தை: பேசினவன் கதி? வந்தவர்கள் சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். இவன் ராத்திரியும் அங்கேதானே இருக்கணும்.

அக்கா: அத்தை, அங்கேதான் பல ஏற்பாடுகள் இடறுகின்றன. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கைக்கு 2002இல் ஒரு விருப்ப நெறிமுறை, அதாவது விரும்பும் நாடுகள் சேரும் கூடுதல் ஒப்பந்தம், வந்தது. தகவல் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று அதன் 21ஆவது பிரிவு சொல்கிறது. தாளில் இருந்தால் போதாது. விவரம் தெரிந்த குழு ஒருவரை மட்டும் கூப்பிடாது, பலரிடம் பேசும். யார் சொன்னது என்று கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் திரும்பவும் வந்து அதே ஆட்களைப் பார்க்கும்.

அத்தை: அப்படியென்றால் சரி.

மாமா: அறிக்கை எழுதி என்ன பிரயோஜனம்? அலமாரியில் தூங்கும்.

அக்கா: உத்தரவு போடும் அதிகாரம் பெரும்பாலும் இவர்களுக்கு இல்லைதான். ஆனால் இங்கிலாந்தில் 2017இல் ஒரு முறை வந்தது. ஒரு சிறையின் நிலைமை படுமோசம் என்றால் சிறைகளைச் சோதிக்கும் தலைமை ஆய்வாளர் அவசர அறிவிப்பு விடுவார். அமைச்சர் 28 நாளுக்குள் வெளிப்படையாகப் பதில் சொல்ல வேண்டும்.

நான்: தனிக்கொட்டடிக்கு வரம்பு உண்டா?

அக்கா: மண்டேலா விதிகள்படி தொடர்ந்து 15 நாளைத் தாண்டக் கூடாது. பதிவேட்டுத் தேதிகளைப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும், அது ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால்.

சித்தப்பா: அந்தக் குழுவில் டாக்டர் இருப்பாரா?

அக்கா: இருக்க வேண்டும். காயம் படியில் விழுந்ததா, அடித்ததா என்று வக்கீல் பார்த்தால் தெரியாதே.

மாமா: அந்த 28 நாள் விஷயத்தை அனுப்பும்மா. படித்துவிட்டு வந்து சண்டை போடுகிறேன்.