மறு: டெம்போ, கீ, மூட் – டிஜே மென்பொருளுக்கு மூன்று சொற்கள்

அனைவருக்கும் வணக்கம். பாட்டுகளை ஒன்றோடொன்று கலந்து ஓட்டும் டிஜே மென்பொருளில் டெம்போ (பாட்டின் வேகம்), கீ, மூட் (பாட்டின் மனநிலை) மூன்றுக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம்; வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> கீ = சுருதி என்றே வைத்துவிடலாம், எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். சுருதி, பாட்டின் அடிப்படைச் சுரமான ஆதார ஷட்ஜம் ('ச') எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே சொல்லும். கட்டை என்பது சுருதியைச் சொல்லும் எண், 1 கட்டை என்றால் சி. "ஐந்தரைக் கட்டை" என்றால் ஹார்மோனியக்காரர் ஜி ஷார்ப்பில் கை வைப்பார். ராகம் என்னவென்று அதில் இல்லை. கீ என்பதோ ஆதார சுரமும், அதன்மேல் மேஜரா மைனரா என்ற சுர வரிசையும் சேர்ந்தது.

மேஜருக்கு இணையான ராகம் சங்கராபரணம், மைனருக்கு இணையானது நடபைரவி. 1 கட்டை சங்கராபரணமும் 1 கட்டை நடபைரவியும் ஒரே சுருதி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டினால் காந்தாரம், தைவதம், நிஷாதம் மூன்றும் அரைச்சுர இடைவெளியில் இடிக்கும். அதே சங்கராபரணத்தோடு 6 கட்டை நடபைரவியை ஓட்டுங்கள், உறுத்தாது. சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாக்கிக் கிரகபேதம் செய்தால் வருவதே நடபைரவி. ஏழு சுரமும் பொது. எந்தக் கீ எதோடு சேரும் என்று காட்டும் கேமலாட் சக்கரத்தில் இவை 8பி, 8ஏ என்று ஒரே எண்ணில் இருப்பதும் இதனால்தான். சுருதி பார்த்துக் கலப்பவர் முதல் ஜோடியை எடுத்து இரண்டாவதை விட்டுவிடுவார்.

ஆகவே 'பண்ணிலை' என்று முன்மொழிகிறேன்: பண்ணும் அது நிற்கும் நிலையும். காட்டும் மதிப்பு "6 கட்டை மைனர்" என்பது போல இருக்கட்டும். நிரல் எழுதுவோர் கவனிக்க: ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் 0.5 கூட்டிக்கொண்டே போகாதீர்கள். மூன்றரைக் கட்டையும் ஏழரைக் கட்டையும் கிடையாது; 3-க்கு அடுத்த அரைச்சுரம் 4, 7-க்கு அடுத்தது மேல் 1. பன்னிரண்டையும் பட்டியலாகவே எழுதிவிடுங்கள்.

வேகம் மாறினாலும் கீ மாறாமல் பிடித்துவைக்கும் கீ லாக் 'பண்ணிலைப் பூட்டு' ஆகும். பூட்டு இல்லாமல் வேகத்தைச் சுமார் 6% கூட்டினால் பாட்டு அரைச்சுரம் ஏறிவிடும். 3% இன்னும் மோசம், எந்தக் கட்டையிலும் ஒட்டாமல் நடுவில் தொங்கும்.

> டெம்போவுக்கு 'நடை' அழகான சொல்.

அழகுதான், ஆனால் வேறொன்றின் பெயர். ஒரு அட்சரத்தை, அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கையை, மூன்றாகவோ (திஸ்ரம்) நான்காகவோ (சதுஸ்ரம்) பிரிப்பது நடை. நிமிடத்துக்கு 90 என்று ஓடும் திஸ்ர நடைப் பாட்டும் சதுஸ்ர நடைப் பாட்டும் டெம்போவில் ஒன்று. உள்ளே மூன்றும் நான்கும் முட்டிக்கொள்ளும். 'வேகம்' என்ற சொல்லும் ஓட்டுவேக நெம்புக்கு வேண்டும்: 120-இல் உள்ள பாட்டை +5% வேகத்தில் ஓட்டினால் டெம்போ 126. கச்சேரிச் சொல்லான காலப்பிரமாணம் பொருளில் சரி, நீளத்தால் பொத்தானில் அடங்காது. 'தட்டளவு' எப்படி?

---

வணக்கம்.

பண்ணிலைக்கு என் ஆதரவு. ஆனால் மேஜர், மைனர் என்ற இரண்டே மதிப்பு போதாது. மத்தியமாவதி ராகத்தில் மேஜர், மைனரைப் பிரித்துக் காட்டும் காந்தாரமும் இல்லை, தைவதமும் இல்லை. மென்பொருள் எதை வைத்து முடிவு செய்யும்? ஏதோ ஒன்றை ஊகித்துப் போடும். மூன்றாவதாக 'உறுதியில்லை' வேண்டும். 1 கட்டை ஹிந்தோளத்தையும் 4 கட்டை மைனர் என்று அது காட்டக்கூடும், ஏனென்றால் அந்த ஐந்து சுரங்களும் மைனர் சாயலுள்ள சுத்த தன்யாசி ராகத்துக்கு 4 கட்டையில் வரும் சுரங்களே. கலவைக்கு இந்தப் பிழை பெரிதாகக் கெடுதல் செய்யாது. கூடப் பாட வருபவர் அதை நம்பினால் மோசம். அதனால் சுருதியைத் தனிப் புலமாக வைத்து, கையால் திருத்த விடலாம்.

> 'தட்டளவு' எப்படி?

ஆதி தாளத்தில் எட்டு அட்சரத்துக்குத் தட்டு மூன்றுதான். மற்றவை விரலும் வீச்சும். தாளம் போடத் தெரிந்தவர் குழம்புவார். 'துடிப்பளவு' என்றால் நாடி பார்க்கும் எவருக்கும் விளங்கும்: நிமிடத்துக்கு 126 துடிப்பு. விரலால் தட்டி அளக்கும் பொத்தானுக்குத் 'தட்டு' இருக்கட்டும். 70-ஐ 140 என்று மென்பொருள் எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும்; திருத்தும் பொத்தான்களுக்குக் கீழ்க்காலம் (பாதி), மேற்காலம் (இரட்டிப்பு) என்று கச்சேரிச் சொல்லையே வைக்கலாம்.

மூடுக்குப் 'பாவம்' வேண்டாம். தமிழ் எழுத்தில் அதுவும் புண்ணியத்துக்கு எதிர்ச்சொல்லும் ஒன்றே. மெய்ப்பாடும் பொருந்தாது, அது உடலில் தெரியும் குறி. பாட்டுக்குச் 'சுவை' போதும். 1 முதல் 10 வரை எண்ணாக வரும் எனர்ஜியை இதோடு சேர்க்காமல் 'விறுவிறுப்பு' என்று தனியே வைப்போம். மென்பொருள் பாடல் வரியைப் படிப்பதில்லை. துள்ளலான மெட்டில் வரும் பிரிவுப் பாட்டை அது மகிழ்ச்சி என்றே குறிக்கும். விறுவிறுப்பு எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், சுவையைக் கேட்டுத்தான் குறிக்க வேண்டும்.

தட்டளவை எழுதியவர் துடிப்பளவுக்கு இசைந்தால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.