கச்சேரிப் பதிவை அன்று இரவே விற்கலாமா?

இசைக்குழு_மேலாளர்: இரண்டரை மணி நேர நிகழ்ச்சி, 32 சேனல் மிக்ஸர். மெயின் அவுட்டை (அரங்க ஸ்பீக்கருக்குப் போகும் கலந்த ஒலியை) ஸ்டீரியோவாகப் பிடித்து, ரசிகர்கள் வெளியே வரும்போதே சிடியாகவும் டவுன்லோடாகவும் கொடுக்க நினைக்கிறோம். சரிவருமா?

ஃபேடர்_முன்: மெயின் அவுட்டை மட்டும் நம்பாதீங்க. அது அரங்கத்துக்காகப் போட்ட மிக்ஸ். சின்ன அரங்கில் டிரம்ஸ் தானாகவே காதைப் பிளக்கும், அதனால் ஸ்பீக்கரில் அதைக் குறைத்துத்தான் விடுவார்கள். பதிவில் கேட்டால் பாடகர் குரல் மட்டும் துருத்திக்கிட்டு நிற்கும். ஒவ்வொரு சேனலையும், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கும் தொனியை மாற்றும் ஈக்யூவுக்கும் முன்னாலேயே தனி ட்ராக்காக எடுங்க. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் என்றால் மொத்தம் சுமார் 42 ஜிபி வரும். எல்லா ட்ராக்கையும் ஒரே ஃபைலில் எழுதும் ரெக்கார்டரா? அப்போ 4 ஜிபி வரம்பில் கால் மணிக்கு ஒரு ஃபைலாக உடையும். உடையும் இடத்தில் ஒலித் துணுக்கு (சாம்பிள்) விடுபடுகிறதா என்று முன்னாடியே ஓட்டிப் பாருங்க.

கைதட்டல்: ரசிகர் சத்தம் இல்லாத லைவ் பதிவு ஒத்திகை மாதிரி இருக்கும். மேடையின் இரு ஓரத்திலும் கூட்டத்தைப் பார்த்து ஒவ்வொரு மைக். அரங்கத்தின் பின்பக்கம் வைத்தால் தாமதத்தைச் சரிசெய்யணும்: ஒலி வந்து சேர மீட்டருக்கு 2.9 மில்லிசெகண்ட், 30 மீட்டரில் 87. அந்த ட்ராக்கை அவ்வளவு முன்னுக்கு இழுக்காவிட்டால் ஒவ்வொரு அடியும் இரண்டு தடவை கேட்கும். இந்த மைக்கையும் அதே மிக்ஸரில் செருகுங்க. தனி ரெக்கார்டரின் நேரத்தை அளக்கும் க்ளாக் லட்சத்தில் 5 பங்கு பிசகினாலே கடைசிப் பாட்டில் கிட்டத்தட்ட அரை செகண்ட் விலகிடும்.

இன்னொன்று, எம்பி3 ஃபைலின் முன்னும் பின்னும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். பாட்டுக்குப் பாட்டு கைதட்டல் அறுபடும். அந்த மௌனம் ஒட்டாத, தரம் குறையாத ஃப்ளாக் ஃபைலும் சேர்த்துக் கொடுங்க.

ஒப்பந்தம்_முதலில்: ஒலியைவிட உரிமையில்தான் பலர் மாட்டுவது. பிறர் பாட்டைப் பாடினால் அதன் இசை, வரிகளுக்கு உரிமம் வேணும், பதிவு உங்களுடையதாக இருந்தாலும். விருந்தினராக வரும் கலைஞரிடம் மேடை ஏறுவதற்கு முன் கையெழுத்து வாங்குங்க. லேபிளோடு (இசை வெளியீட்டு நிறுவனத்தோடு) பிரத்தியேக ஒப்பந்தம் இருந்தால் அவர்கள் சம்மதமும், அரங்க ஒப்பந்தத்தில் பதிவுக் கட்டணம் இருக்கிறதா என்பதும் பார்க்கணும். அனுமதி வராத பாட்டைப் பட்டியலில் இருந்து எடுத்துடுங்க.

அன்று இரவே என்பதில் பிடிவாதம் வேண்டாம். ஒரு சிடியில் 80 நிமிடம்தான், எப்படியும் இரண்டு தட்டு. அமெரிக்க ராக் இசைக்குழு பேர்ல் ஜாம் தங்கள் 2000-ம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் இருந்து 72 லைவ் ஆல்பம் விட்டார்கள். எதுவும் வாசலில் சுடச்சுட வந்ததில்லை. வாசலில் டவுன்லோடு குறியீடு அச்சிட்ட அட்டையை விற்று, ஒரு வாரத்தில் ஃபைலைத் திறந்துவிடுங்க. தேதியை அட்டையிலேயே அச்சிடுங்க.

இசைக்குழு_மேலாளர்: குறியீடு ஒருமுறைதான் செல்லுமா?

ஒப்பந்தம்_முதலில்: மூன்று முறை வையுங்க. பாதியில் இணைப்பு அறுந்தவர்கள்தான் முதலில் திட்டி எழுதுவார்கள்.