ஏழு நாளில் வாரியம் விசாரிக்கிறதா, தகவல் மட்டும் போகிறதா?

தராசு:
"சம்மதமில்லாமல் ஒருவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தாலும், ஏழு நாளுக்குள் மறுஆய்வு வாரியம் தானாகவே விசாரித்துவிடும், வீண் பயம் வேண்டாம்" என்று மருதன் நேற்று எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆவது பிரிவைத் திறந்து பாருங்கள். இத்தகைய சேர்க்கைகளைச் சரிபார்க்கும் அந்த வாரியத்துக்கு மருத்துவமனை ஏழு நாளுக்குள் தகவல் தர வேண்டும். பெண்கள், சிறார் என்றால் மூன்று நாள். அவ்வளவுதான். தகவல் வேறு, விசாரணை வேறு. உள்ளே இருப்பவரோ, அவர் சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதியோ, அவர் சம்மதத்துடன் ஒரு தொண்டு நிறுவனமோ மனுக் கொடுத்தால்தான் சேர்க்கையை வாரியம் ஆராயும்.

மருதன்:
மனுக் கொடுத்தால் வாரியம் ஏழு நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அதுவும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அந்த வரியை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? நான் பதினெட்டு ஆண்டுகள் மனநல வார்டில் செவிலியராக இருந்தவன். சட்டப் புத்தகத்தை நேற்று வாங்கியவர்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

தராசு:
மனுக் கொடுத்தால்! கொடுத்தால்! நீங்கள் எழுதியது "தானாகவே". அந்தச் சொல்லை எழுதினீர்களா, இல்லையா?

பொன்னி:
தராசு ஐயா, நள்ளிரவில் என் தம்பி கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே கண்ணாடியை உடைத்தான். நானும் அம்மாவும் வெளியே நின்று கெஞ்சினோம். அவனைச் சேர்த்ததால்தான் இன்று உயிரோடு இருக்கிறான். "அடைத்து வைத்தல்" என்று நீங்கள் திரும்பத் திரும்ப எழுதுவது எங்களைப் போன்ற குடும்பங்களைக் குற்றவாளி ஆக்குகிறது. சட்டம் அதை ஆதரவுச் சேர்க்கை, அதாவது அதிக ஆதரவு தேவைப்படுபவரைச் சேர்ப்பது என்றுதான் சொல்கிறது. முந்தைய ஏழு நாளுக்குள் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்காமல் சேர்க்க முடியாது. அதில் ஒருவர் மனநல மருத்துவர்.

தராசு:
அம்மா, உங்கள் தம்பி பிழைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். நான் கேட்பது வேறு. என் அண்ணன் ஒரு மருத்துவமனையில் 26 நாள் இருந்தார். மனு எழுத ஒரு தாள் கேட்டார். "டாக்டர் வரட்டும்" என்றார்கள். மறுநாளும் அதே பதில். கடைசியில் மாத்திரை அட்டையின் உள்பக்கத்தில் தன் பெயரையும் தேதியையும் எழுதி என் கையில் திணித்தார். அந்த அட்டை இன்னும் என் மேசையில் இருக்கிறது. தாள் கிடைக்காதவருக்கு ஏழு நாள் எங்கிருந்து தொடங்கும்?

காட்டாறு:
இங்கிலாந்தில் மதிப்பீட்டுக்காக 28 நாள் வரை வைத்திருக்கலாம். அங்கும் முதல் 14 நாளுக்குள் நோயாளியே தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நம் சட்டம் மட்டும் குறையுடையது என்பது போலப் பேசுவது நியாயமில்லை.

தராசு:
காட்டாறு, போன முறையும் விவாதத்தை இங்கிலாந்துக்குத்தான் இழுத்துக்கொண்டு போனீர்கள். நான் கேட்ட கேள்விக்கு அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை.

காட்டாறு:
அன்று என்னை "மருத்துவர்களின் கையாள்" என்று எழுதினீர்கள். அதற்கு இன்னும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

மருதன்:
30 நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் 90ஆவது பிரிவு வருகிறது. இரண்டு மனநல மருத்துவர்கள் சான்று தர வேண்டும், வாரியம் 21 நாளுக்குள் அனுமதிக்க வேண்டும் அல்லது விடுவிக்க உத்தரவிட வேண்டும். அங்கே மனு தேவையே இல்லை. இதற்கு முன்பிருந்த 1987 மனநலச் சட்டப்படி மாஜிஸ்திரேட் வாசலில் உறவினர்கள் காத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த வாரியத்தில் நோயை அனுபவித்தவர்களுக்கும் பராமரிப்பவர்களுக்கும் இடம் உண்டு. அது சிறிய மாற்றமா?

தராசு:
பாருங்கள், தானாக நடப்பது 30 நாளைத் தாண்டினால்தான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். என் அண்ணன் 26ஆம் நாள் வெளியே வந்தார். அவர் வழக்கை எந்த வாரியம் பார்த்தது? தகவல் போயிருக்கும், கோப்பில் தூங்கியிருக்கும்.

பொன்னி:
இலவசச் சட்ட உதவி கேட்டிருக்கலாமே? அந்த உரிமையும் இதே சட்டத்தில் இருக்கிறது.

தராசு:
யார் சொன்னார்கள் அவரிடம்? தாளே கொடுக்காதவர்களா வக்கீலைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள்?

பொன்னி:
எல்லா வார்டும் அப்படியில்லை. எங்களுக்குச் சொன்னார்கள்.

மருதன்:
நான் எழுதியதில் தவறில்லை. ஏழு நாள் என்பது ஏழு நாள்தான்.

தராசு:
"தானாகவே" என்ற சொல்லை நீக்குங்கள். அதுவரை இங்கேதான் இருப்பேன்.

காட்டாறு:
முதலில் என்னிடம் வருத்தம் தெரிவியுங்கள்.